ஒன்றரை மில்லிமீற்றர் காற்றின் விலை

5,800 ரூபா என்று எழுதிய விலைத்துண்டைப் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவையும் கழற்றிவிட்டு ஒரு தடவையும் வாசித்தார். “படத்தோடு சேர்த்தா, தம்பி?” என்று கடைக்காரரைக் கேட்டார். படம் எங்களுடையது. பிறேமுக்கு மட்டும்தான் அந்த விலை.

இது நடந்தது 2024 ஆகஸ்டில், கிளிநொச்சி நகரில். அம்மப்பாவின் திவசத்துக்குப் பதினொரு நாட்கள் இருந்தன. பிறேம் விலையைப் பற்றிப் பேசும்போது இந்த நாட்கணக்கையும் பேசத்தான் வேண்டும். வன்னியில் பிறேம் கடைக்கு ஆறுதலாக வருபவர்கள் குறைவு. சாமத்திய வீட்டுப் படத்தைப் பிந்திப் போடலாம், பட்டமளிப்புப் படத்தை மாதக்கணக்கில் சுருட்டி வைக்கலாம். செத்தவீட்டுப் படம் அப்படியல்ல. அந்தியேட்டி என்னும் முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கல்வெட்டு என்னும் நினைவுமலர் அச்சாகும் அதே கிழமையில் பெரிதாக்கிய படமும் மாலையோடு சுவரில் ஏற வேண்டும். அழுத கண்ணோடு வருபவர் விலை கேட்பதில்லை. கேட்டாலும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் விஷயத்தில் அம்மப்பா காலமாகி நாற்பது வருடங்களாகியிருந்தன. பெரியம்மாவுக்கு ஏன் என்று கேட்கும் தெம்பு இருந்தது. அதனால்தான் அந்தத் துண்டை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க எனக்கும் வாய்த்தது.

துண்டில் இருந்தவை இவை: பிறேம் கோல் 2,850, கண்ணாடி 700, மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் நடு வெட்டிய அட்டை) 950, பின்பலகை 400, வேலைக்கூலியும் கொளுக்கியும் 900. இதே படத்துக்கு 2011 இல் போட்ட பிறேமுக்குக் கொடுத்தது 450 ரூபா. பெரியம்மாவின் மனத்தில் பதிந்திருந்த விலை அதுதான்.

படம் வந்த வழி

படம் 1974 இல் வவுனியாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, 12க்கு 15 அங்குலம். அம்மப்பா கதிரையில் இருக்கிறார். வேட்டிக் கரை நேராக இருக்க வேண்டும் என்று படம்பிடித்தவர் மூன்று தடவை இழுத்து இழுத்துச் சரிசெய்தாராம். 2009 ஜனவரியில் யுத்தத்தில் வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அது தேக்குப் பிறேமுக்குள் இருந்தது. விசுவமடு வரை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் பிறேமோடு போனது. உடையார்கட்டில் வைத்துப் பெரியப்பா பிறேமையும் கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டு, படத்தை மட்டும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் பொலித்தீன் பையில் சுற்றினார். மாத்தளன், பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் என்று அந்தப் பை போன இடமெல்லாம் படமும் போனது. நெகட்டிவ் என்று ஒன்று எங்கேயும் இல்லை. இப்படிப் பிறேமை உதறிவிட்டு வந்த படங்கள் வன்னி வீடுகளில் நிறைய இருக்கின்றன. சில வீடுகளில் அதுதான் ஒரே படம்.

2011 இல் ஊருக்குத் திரும்பியதும் பெரியம்மா வாங்கிய முதற் பொருட்களில் ஒன்று பிறேம். தறப்பாள் கொட்டிலின் நடுக்கம்பில் தொங்கிய படம், வீட்டுத்திட்டத்தில் சுவர் எழுந்தபின் சுவருக்கு மாறியது. பிறகு 2018 டிசெம்பர் வெள்ளம். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர் ஊராக நீர் புகுந்த அந்த நாட்களில் பெரியம்மா வீட்டுக்குள் முழங்காலளவு நின்றது. படம் தலையுயரத்தில் இருந்ததால் தப்பிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பூச்சுப் பூசாத சீமெந்துக் கல் சுவர் அந்த ஈரத்தை மாதக்கணக்கில் வைத்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

திறந்தபோது

கடைக்காரர் மேசையில் பழைய சாரம் ஒன்றை விரித்துப் படத்தைக் குப்புறக் கிடத்தினார். முதலில் மூன்று பல்லி முட்டை ஓடுகளைத் தட்டிவிட்டார். மண்ணிற ஒட்டுத்தாளைக் கத்தியால் கீறி, துருப்பிடித்த சின்ன ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பின்னால் பலகை இல்லை. பிஸ்கட் பெட்டி ஒன்றை வெட்டிச் செருகியிருந்தார்கள். மா, சீனி, தாவர எண்ணெய் என்று பொருட்பட்டியல்கூட வாசிக்கக்கூடியதாக இருந்தது. இராமபாணப் பூச்சி அதன் ஓரங்களை வரம்பு வரம்பாக அரித்திருந்தது. அட்டையை எடுத்ததும் படத்தின் முதுகில் பழுப்புப் படிவு தெரிந்தது. மலிவான அட்டையில் இருக்கும் அமிலம் காலப்போக்கில் இப்படித்தான் அடுத்த தாளுக்கு ஏறும்.

பிறகு அவர் கண்ணாடியைச் சாய்த்து வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். படத்தின் பெரும்பகுதி மங்கலாகவே தெரிந்தது. இடது கீழ்மூலையில், வேட்டிக் கரையிலிருந்து கதிரைக் கை வரை, உள்ளங்கையளவு இடம் மட்டும் நனைந்த கல்லைப் போலக் கறுத்து மினுங்கியது. “ஒட்டிவிட்டது, அம்மா,” என்றார்.

அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் தங்கியிருப்பது தாளில் அல்ல, தாளின் மேல் பூசிய ஜெலற்றின் படலத்தில். விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் பசைதான் ஜெலற்றின். ஈரம் பட்டால் ஊதும், இளகும். காயும்போது தொட்டுக்கொண்டிருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் படத்தை 2011 இல் கண்ணாடியோடு நேரே முட்ட வைத்து இறுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை. மழைக்கால ஈரத்துக்குப் போக வேறு இடமும் இல்லை.

பெரியம்மா நகத்தால் ஓரத்தைக் கிளப்பப் போனார். கடைக்காரர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். இழுத்தால் ஜெலற்றின் கண்ணாடியோடு நின்றுவிடும், வெறும் வெள்ளைத் தாள்தான் கையில் வரும் என்றார். அவர் சொன்னது சரி. தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் செய்தாலே பாதி நம்பிக்கைதான். அப்படி ஒருவரைத் தேடி கொழும்புக்கு அலைய எங்களிடம் இருந்தது பதினொரு நாட்கள்.

ஆகவே மூலப்படத்தைக் கண்ணாடியோடு அப்படியே விட்டுவிட்டுப் பிரதி எடுப்பது என்று முடிவாயிற்று. பக்கத்து ஸ்டூடியோப் பையன் முதலில் ஸ்கானரில் வைத்துப் பார்த்தான். தடித்த கண்ணாடி இடையில் இருந்ததால் ஒட்டாத இடமெல்லாம் கலங்கி விழுந்தது. இன்றைய மெல்லிய ஸ்கானர்களுக்குத் தன் கண்ணாடியில் தொட்டுக்கிடப்பதுதான் தெளிவாகத் தெரியும். பிறகு படத்தை நிழலில் நிமிர்த்தி வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து, துணியின் நடுவே வெட்டிய ஓட்டையால் கமெராவை நீட்டி எடுத்தான். பிரதிபலிப்பு ஒன்றும் விழவில்லை. திருத்தி, அதே 12க்கு 15 இல் அச்சிட 1,500 ரூபா. பிறேம் துண்டில் சேராத இந்தத் தொகையை நான் 2011 இன் 450 ரூபாவோடுதான் கூட்டிப் பார்க்கிறேன்.

கோலின் கணக்கு

இனி 2,850 ரூபாவுக்கு வருவோம். ஒன்பதரை அடி முழுக் கோலுக்கு அடி 300 ரூபாப்படி போட்ட விலை அது. பேரம் பெரும்பாலும் நடந்தது இதில்தான்.

பெரியம்மா இருபது வருடம் தையல் இயந்திரம் மிதித்தவர். அளவில் அவரை ஏமாற்ற முடியாது. படம் 12க்கு 15. சுற்றிவர 2 அங்குல மவுண்ட் வைத்தால் 16க்கு 19. நான்கு பக்கத்தையும் கூட்டினால் 70 அங்குலம், ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. “ஆறடிக்குக் குறைந்த வேலைக்கு ஒன்பதரை அடிக்கு ஏன் காசு?” என்றார்.

கடைக்காரர் கோபப்படவில்லை. இரண்டு வெட்டுத் துண்டுகளை எடுத்து மூலை சேர்த்துக் காட்டினார். மூலைகள் 45 பாகையில் சரிந்து வெட்டப்படுகின்றன. கோலின் அகலம் எவ்வளவோ அவ்வளவு ஒவ்வொரு நுனியிலும் வெளிப்பக்கமாக நீள வேண்டும். நான்கு துண்டு, எட்டு நுனி. நாங்கள் தெரிந்தெடுத்த கோல் ஒன்றரை அங்குல அகலம். எட்டு ஒன்றரை பன்னிரண்டு. 70 உம் 12 உம் 82 அங்குலம், அதாவது 6 அடி 10 அங்குலம். பெரியம்மா முதலில் ஆசைப்பட்டது பக்கத்து வீட்டில் இருப்பது போன்ற மூன்று அங்குலப் பொன்னிறக் கோல். அதற்கு நுனிக் கழிவு மட்டுமே 24 அங்குலம் வந்திருக்கும். அகலமான கோலின் விலை அடிக்கு அடி கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். அது அடியையும் கூட்டித் தின்னும் என்பதைத் துண்டில் யாரும் எழுதுவதில்லை.

சரி, ஏழு அடி என்றே வைத்துக்கொள்வோம். அடி 300 ரூபாப்படி 2,100. மிச்சம் 750 ரூபா எதற்கு?

இதற்கு அவர் மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்துக் காட்டினார். முழுக்க வெட்டுத் துண்டுகள்; ஒரு சாண், ஒரு முழம், இரண்டு அடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். கோல்கள் ஒன்பதரை அடி நீளத்தில் கொழும்பிலிருந்து வருகின்றன. கொழும்பில் ஒரே நிறத்தில் நாளுக்குப் பத்துப் பிறேம் போகிற கடைக்கு மிச்சத் துண்டு அடுத்த படத்துக்கு உதவும். இங்கே அதே நிறத்தை அடுத்தவர் கேட்க ஆறு மாதம் ஆகலாம். லொறியில் வரும் வழியில் நுனி நசுங்கினால் அதுவும் அவர் தலையில்தான். அதனால் பாதிக் கோலுக்கு மேல் வெட்டினால் முழுக் கோலுக்கும் விலை என்பது அவருடைய கடை வழக்கம்.

இதில் எனக்குப் பாதி உடன்பாடு. கழிவு உண்மையானது, அதை யாராவது சுமக்கத்தான் வேண்டும். ஆனால் முழுக் கோலுக்குக் காசு வாங்கினால் மிச்சத் துண்டு வாங்கியவருடையது. தையற்காரரிடம் துணி கொடுத்தால் வெட்டுத்துணியைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா? இதை நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, 32 அங்குலத் துண்டை எடுத்துப் பெரியம்மாவின் பையில் செருகினார். அதற்குப் பிறகு அந்தத் துண்டுக்கு நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

ரூபாவும் டொலரும்

மரம் நிறைந்த வன்னியில் பிறேம் கோலை ஏன் கப்பலில் கொண்டுவர வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. தேக்கும் முதிரையும் தளபாடத்துக்குப் போகின்றன. ஒன்றரை அங்குலத்தில் நெளிவு வெட்டி, உட்பக்கம் படி கீறி, மெருகூட்ட ஒரு தச்சர் அரை நாள் மினக்கெட வேண்டும். அவருடைய அரை நாட் கூலியே இந்தக் கோலின் விலையைத் தொட்டுவிடும். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் மரம்போல அச்சடித்த பொலிஸ்டைரீன். கறையான் தின்னாது என்பது அதன் ஒரே பெருமை. வன்னியில் அது சின்னப் பெருமையல்ல.

இறக்குமதிப் பொருள் என்றால் ரூபாவோடு விலை ஆடும். 2011 இல் ஒரு அமெரிக்க டொலர் 110 ரூபா அளவில் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விடுவதற்கு முன் 200 அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நாங்கள் கடைக்குப் போன மாதம் 300 அளவுக்கு இறங்கியிருந்தது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அந்தச் சின்னக் கடை துண்டில் வரி எழுதாவிட்டாலும் கொழும்பு மொத்த வியாபாரி கோலின் விலைக்குள்ளேயே அதைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார். டொலரில் பார்த்தால் 450 ரூபா 2011 இல் நான்கு டொலர், 5,800 ரூபா 2024 இல் பத்தொன்பது. இந்த வித்தியாசம் முழுவதையும் ரூபாவின் தலையில் கட்ட முடியாது. முந்தியது பிஸ்கட் அட்டை வைத்த வேலை.

ஸ்டூடியோப் பையன் எடுத்த படத்தை ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும் அனுப்பியிருந்தோம். அவள் அங்கே ஒரு கைவினைப் பொருட் கடையில் இதே அளவில் பிறேம் போட்டு விலைச்சீட்டையும் அனுப்பினாள். பட்டியல் விலை 420 கனேடிய டொலர், 60 வீத விலைக்கழிவு போக 168. நம்முடைய காசில் ஏறத்தாழ 37,000 ரூபா. 252 டொலர் மிச்சம் பிடித்த மகிழ்ச்சி அவள் குரலில் இருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: கழிவு இல்லாத நாளில் அந்தக் கடைக்குப் போயிருக்கிறாயா? யோசித்துவிட்டு, அப்படி ஒரு நாளைத் தான் கண்டதில்லை என்றாள்.

வட அமெரிக்காவில் இது தெரிந்த சங்கதிதான். 2011 இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் மைக்கேல்ஸ் என்ற கைவினைப் பொருட் கடை நிறுவனத்தோடு 18 இலட்சம் டொலருக்கு ஓர் இணக்கம் செய்தார். குறித்த காலக் கழிவு என்று விளம்பரம் செய்த பிறேம் விலை உண்மையில் முடிவே இல்லாமல் ஓடிய விலை என்பதுதான் குற்றச்சாட்டு. அங்கே கோல் மலிவு, ஆள் விலை. மூலை சேர்க்கும் கையின் மணிக்கூலியும் கடை வாடகையும்தான் பெரும்பகுதி; அதன் மேல் ஒரு பொய் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குகிறார்கள். இங்கே 900 ரூபாவுக்கு ஒரு மனிதர் பாதிப் பகல் வேலை செய்திருக்கிறார். எங்கள் துண்டில் நியாயமில்லாத வரி எது என்று கேட்டால் நான் அந்த 900ஐத்தான் காட்டுவேன், குறைவு என்பதற்காக.

வெள்ளை அட்டை

கோலில் குறைக்க முடியாது என்று தெரிந்ததும் பெரியம்மா அடுத்த வரிக்குப் போனார். “இந்த வெள்ளை அட்டை எதற்கு? அதை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள்.”

பிறேம் கடைகளில் பெரும்பாலும் இங்கேதான் கை வைக்கிறார்கள். பொன்னிறக் கோல் வீட்டுக்கு வருபவர் கண்ணில் படும். மவுண்ட் வெறும் வெள்ளை அட்டை. அதை வெட்டிவிட்டால் மிச்சம் தெரியும். எங்கள் துண்டில் மவுண்டுக்கு நேரடியாக 950. அதனால் கண்ணாடி 180 சதுர அங்குலத்திலிருந்து 304க்குப் போகிறது, பின்பலகையும் அவ்வாறே. அந்த இரண்டிலும் ஏறியது ஏறத்தாழ 450. ஆக மவுண்டை விட்டிருந்தால் 1,400 ரூபா மிச்சம். முழுக் கோலுக்குத்தான் விலை என்பதால் கோலில் ஒரு சதமும் குறையாது.

அந்த 1,400 ரூபாவுக்குக் கிடைப்பது ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி. அட்டையின் தடிப்பு அவ்வளவுதான். கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்தாலும் படத்தைத் தொடாமல் இருக்க அது போதும். பக்கத்தில் கிடந்த பழைய படத்தின் கறுத்த மூலையைக் காட்டி இதை நான் விளக்கத் தொடங்கியபோது பெரியம்மா, “விளங்குகிறது, நீ நிறுத்து,” என்றார். அட்டை துண்டில் நின்றது. 

நாங்கள் செய்த ஒரு பிழையையும் எழுத வேண்டும். எப்படியும் புதிதாகத்தான் அச்சிடுகிறோம். கடைகளில் வாங்கக்கூடிய ஆயத்தப் பிறேமின் அளவுக்கே அச்சிட்டிருக்கலாம். சொல்லிச் செய்விக்கும் பிறேமின் செலவில் பெரும்பகுதி அளவு ஒத்துவராததால் வருவது. ஆனால் ஃபன்சிக் கடைகளில் நாங்கள் பார்த்தவற்றில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் இருந்தது. உள்ளே மவுண்டுக்கும் பலகைக்கும் ஆழம் இல்லை. பெரியம்மாவும் சுவரில் பழைய படம் விட்ட நிழலை அப்படியே மூடுகிற அளவு வேண்டும் என்றார். புது மவுண்டோடு அது எப்படியும் பெரிதாகத்தான் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று: பழைய படத்தை லமினேற் செய்தால் நூறு ரூபாவோடு முடியுமே என்று வரிசையில் நின்ற ஒருவர் ஆலோசனை சொன்னார். பிரதியை லமினேற் செய்யலாம். மூலப்படத்தைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டினால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது. அதைவிடக் கண்ணாடியில் ஒட்டியதே மேல்.

மூலப்படம் இப்போது கண்ணாடியோடு, இரண்டு சுத்தமான வெள்ளை அட்டைகளுக்கு நடுவில், அலுமாரியின் மேல்தட்டில் கிடையாக இருக்கிறது. பொலித்தீனில் சுற்றவில்லை, ஈரம் உள்ளே அடைபடும்.

முப்பத்திரண்டு அங்குலம்

திவசத்துக்கு மூன்று நாள் முன்பு பிறேமை எடுக்கப் போனோம். பெரியம்மா அந்தக் கோல் துண்டையும் கொண்டுவந்திருந்தார். நாலு நாளாக அதை அளந்து பார்த்திருக்கிறார். 4க்கு 6 படத்துக்குச் சுற்றளவு 20 அங்குலம், எட்டு நுனிக்கு 12, கூட்டினால் 32. வாள் தின்னும் தூளுக்கு என்ன செய்வது என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, படத்தின் விளிம்பை மறைக்கக் கோலின் உட்பக்கம் கால் அங்குலம் படி இருப்பதால் அது ஈடுகட்டும் என்று தானே சொன்னார்.

அம்மம்மாவுக்குத் தனிப்படம் இல்லை. மச்சாள் ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய ஒரு கலியாணக் குழுப்படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிறார். அந்த முகத்தை மட்டும் ஸ்டூடியோப் பையன் வெட்டியெடுத்து 4க்கு 6 இல் அச்சிட்டான். பழைய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கடைக்காரர் கணக்கில் சேர்க்கவில்லை; மூலை சேர்க்க 300 ரூபா கேட்டார். பெரியம்மா பேரம் பேசாமல் கொடுத்தார்.

கடைக்காரர் கண்ணாடியை இறக்கி, அதன்மேல் நேரே படத்தை வைக்கப் போனார். “அந்த வெள்ளை அட்டை இதற்கு இல்லையா?” என்று கேட்டார் பெரியம்மா. மவுண்ட் வைத்தால் படம் பெரிதாகிவிடும், கோல் போதாது என்றார் அவர். பெரியம்மா மேசையைப் பார்த்தார். அம்மப்பாவின் மவுண்டில் நடுவே வெட்டியெடுத்த அட்டை அங்கே கிடந்தது. அதிலிருந்து கால் அங்குல அகலத்தில் நான்கு கீற்று வெட்டி, கோலின் விளிம்பு மறைக்கிற இடத்தில் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே செருகச் சொன்னார். அவர் செருகினார்.